அம்பேத்கரும் வட்டிக் கணக்கும்

நம் ஊர்களில் நிற்கும் அண்ணல் அம்பேத்கர் சிலைகளின் கையில் இருப்பது அரசியல் சட்டப் புத்தகம். அதனால் அவரைச் சட்ட மேதையாகவே நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அவர் முதலில் படித்துப் பட்டம் பெற்றது பொருளாதாரத்தில். இளம் வயதில் அவர் எழுதிய பெரிய நூல்கள் பணம், வரி, அரசுக் கடன் ஆகியவற்றைப் பற்றியவை. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கித் திங்கட்கிழமைக்குள் வட்டிக்காரரிடம் பாதியைக் கொடுத்துவிடும் திருப்பூர் வட்டாரத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, அம்பேத்கரின் இந்தப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த வாரம் அவருடைய வாழ்க்கையை ரூபாய், கடன், வட்டி என்ற வழியில் நடந்து பார்க்கலாம்.

அடகுக் கடையில் தொடங்கிய படிப்பு

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் பீமராவ். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தாய் பீமாபாய். பதினான்காவது பிள்ளையாகப் பிறந்த பீமராவ், மிகச் சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஓய்வு பெற்ற பிறகு வருமானம் என்பது ஓய்வூதியம்தான். பம்பாய்க்கு வந்த குடும்பம் பரேல் பகுதியில், மில் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு குடியிருப்பில், ஒற்றை அறையில் வாழ்ந்தது. அடுப்பும் படுக்கையும் படிப்பும் அந்த ஓர் அறைக்குள்தான்.

சிறுவன் பீமராவுக்குப் புத்தக ஆசை அதிகம். பாடப் புத்தகத்தோடு நிற்க மாட்டார். கேட்ட புத்தகத்தை வாங்கித் தரத் தந்தையிடம் காசு இருக்காது. ராம்ஜி மணமான மகள்களின் வீட்டுக்கு நடப்பார். இருந்தால் சில ரூபாய் கைமாற்றாக வாங்குவார். இல்லாவிட்டால் அவர்களுடைய நகையை வாங்கிப் போய் அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் வட்டியோடு கட்டி நகையை மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். அடுத்த புத்தகத்துக்கு மறுபடியும் அதே நகை, அதே கடை. பின்னாளில் உலகப் பல்கலைக்கழகங்களில் பணத்தைப் பற்றி ஆராய்ந்தவருக்கு வட்டி என்பது அக்காமார்களின் கழுத்திலும் காதிலும் இருந்து போய்வந்த ஒன்று. நம் வீடுகளில் பள்ளிக் கட்டணம் கட்டத் தோடு அடகுக்குப் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்தார். 1913 தொடக்கத்தில் தந்தை இறந்தார். அதே ஆண்டு பரோடா அரசு அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஒரு கம்பெனியின் கடனை யார் கட்டினார்கள்?

கொலம்பியாவில் அவர் 1915இல் எழுதிய முதுகலை ஆய்வு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. இன்றைய சொல்லில் சொன்னால், ஒரு பெரிய நிறுவனத்தின் வரவு செலவையும் கடனையும் பிரித்துப் பார்த்த ஆய்வு. கம்பெனி இந்தியாவில் போர்களை நடத்தியது. அதற்காகக் கடன் வாங்கியது. கடனுக்கு வட்டி கட்டியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு லாபமும் கொடுத்தது. இதற்கெல்லாம் பணம் நிலவரியிலிருந்தும் உப்பு வரியிலிருந்தும் வந்தது. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்து இங்கிலாந்து அரசி நேரடியாக ஆட்சியை ஏற்றபோது, கம்பெனியின் கடன் இந்திய மக்களின் தலையில் ஏற்றப்பட்டது. யாரைப் பிடிக்கப் போர் நடந்ததோ, அவர்களே போர்ச் செலவையும் அதன் வட்டியையும் கட்டினார்கள்.

24 வயது மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியைப் பிடித்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கடன் வாங்கியவர் ஒருவர், அனுபவித்தவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்று இருந்தால், அங்கே கணக்கைத் தாண்டி அதிகாரம் வேலை செய்கிறது. அம்பேத்கர் பின்னால் எழுதிய பொருளாதார நூல்கள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி தொடர்கிறது.

நம்பிக்கை கிடைக்காத சந்தை

1916இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. தனியாகக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள், கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டதால் கடலுக்குள் போயின. ஒப்பந்தப்படி பரோடா வேலைக்குச் சென்றார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடத் தீட்டுக்கு அஞ்சி அவருடைய மேசைமீது கோப்புகளைத் தூக்கி எறிந்தார்கள். தங்கியிருந்த விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். ஊரில் எந்தச் சமயத்தவரும் வீடு தரவில்லை. சில நாள்களிலேயே பம்பாய்க்குத் திரும்பினார்.

அடுத்து அவர் செய்தது பலருக்குத் தெரியாது. பங்குச் சந்தையில் ஈடுபடுவோருக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். கொலம்பியாவில் படித்தவர், கணக்குப் புரிந்தவர் என்பதால் தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஆலோசகர் தீண்டத்தகாத சாதியைச் சேர்ந்தவர் என்ற செய்தி பரவியதும் வருவது நின்றுபோனது. நிறுவனம் மூடப்பட்டது.

நிதி உலகம் முழுவதும் நம்பிக்கையில் நடக்கிறது. இன்னாருக்குக் கொடுத்தால் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில்தான் கடன் கொடுக்கப்படுகிறது. அந்த நம்பிக்கை சாதியைப் பார்த்து அளக்கப்படும்போது, அறிவும் உழைப்பும் இருந்தும் ஒருவரால் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. 1918க்கு முன் பம்பாயில் நடந்த இந்த நிகழ்ச்சியை, சொந்தமாக நான்கு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க நினைக்கும் நம் இளைஞர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். தையல் தெரியும், ஆள் சேர்க்கத் தெரியும், நேரத்துக்கு முடித்துக் கொடுக்கத் தெரியும். ஆனால் ஆர்டர் தருபவரின் நம்பிக்கையும் வங்கி மேலாளரின் நம்பிக்கையும் சொந்தபந்தம் வழியாகவும் நிலப் பத்திரம் வழியாகவும் வருகின்றன. இரண்டும் இல்லாதவர் நல்ல தையல்காரராகவே வயதாகிவிடுகிறார்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அந்த ஆண்டு அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றியது. நிலம் துண்டாவதுதான் விவசாயியின் வறுமைக்குக் காரணம், துண்டுகளைச் சேர்த்தால் போதும் என்று அப்போது பலர் சொன்னார்கள். அம்பேத்கர் ஏற்கவில்லை. நிலத்தில் போட முதலும் கருவியும் இல்லாதபோது சிறிய நிலமும் உதவாது, பெரிய நிலமும் உதவாது. தேவைக்கு மேற்பட்ட ஆள்கள் நிலத்தை நம்பிக் கிடக்கிறார்கள். அவர்களுக்குத் தொழில்துறையில் வேலை வேண்டும் என்று வாதிட்டார். கொங்கு நாட்டின் பண்ணையங்களில் ஆளாக இருந்த அருந்ததியர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங், அயர்னிங் வேலைக்குப் போவது அவர் கண்ட திசைதான். ஆனால் பண்ணையத்தில் இருந்த முன்பணம் மட்டும் அவர்களோடு சேர்ந்தே நகரத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

ரூபாய் விழுந்தால் யாருக்கு லாபம்?

விட்ட படிப்பை முடிக்க 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். இம்முறை அரச உதவித்தொகை இல்லை. பேராசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பாத்தேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன் ஆகியவைதான் முதல். ஊரில் மனைவி ரமாபாய் வறுமையில் குடும்பத்தை நடத்தினார். லண்டனில் இவர் அரை வயிற்றோடு நூலகத்தில் உட்கார்ந்தார். 1923இல் முனைவருக்கும் மேலான அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வே ரூபாயின் பிரச்சினை என்ற நூலாக அதே ஆண்டு லண்டனில் வெளியானது. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். மாணவரின் முடிவுகள் எல்லாவற்றையும் தம்மால் ஏற்க முடியாது என்றாலும் அவருடைய வாதங்களில் புதுமை இருக்கிறது என்று அவர் மதித்தார்.

அந்த நூல் திருப்பூருக்கு நேராகப் பேசுகிறது. அப்போது ரூபாய் வெள்ளி நாணயம். இங்கிலாந்தின் பணம் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங் மதிப்புடன் இருந்தது. வெள்ளியின் விலை உலகச் சந்தையில் சரிந்ததால், 1890களின் முற்பகுதியில் அது 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. ரூபாய் விழ விழ, பம்பாய் மில்களின் நூல் வெளிநாட்டில் விலை மலிவாகி நன்றாக விற்றது. ஏற்றுமதி வணிகர்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் நல்ல காலம். நாட்டுக்கே நல்ல காலம் என்று அவர்கள் சொன்னார்கள்.

அம்பேத்கர் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ரூபாய் விழுந்தால் உள்நாட்டில் விலைவாசி ஏறும். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. பொருளை விற்பவருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிறது. அதைச் செய்தவருக்குப் பழைய கூலிதான், அதில் வாங்கக் கூடிய அரிசியோ குறைவு. ஆகவே ஏற்றுமதியாளரின் அந்தக் கூடுதல் லாபம் வெளிநாட்டிலிருந்து வந்து சேரவில்லை. உள்நாட்டுத் தொழிலாளியின் பையிலிருந்து முதலாளியின் பைக்கு மாறியது என்று அவர் காட்டினார்.

இன்று டாலர் விலை ஏறும் நாளில் திருப்பூரில் என்ன பேசப்படுகிறது என்று நமக்குத் தெரியும். ஏற்றுமதியாளர் ஒரு டாலருக்குக் கூடுதல் ரூபாய் பெறுகிறார். அவருக்கும் இடர்ப்பாடுகள் உண்டு. வெளிநாட்டு நிறுவனம் விலையைக் குறைத்துக் கேட்கும், இறக்குமதிச் சாயப்பொருளும் இயந்திரமும் விலை ஏறும். இருந்தாலும் அவருக்கு ஈடுசெய்யச் சில வழிகள் இருக்கின்றன. தொழிலாளியின் கூலியோ சங்கங்களும் முதலாளிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து போடும் ஒப்பந்தத்தில் நிற்கிறது. பெட்ரோலும் சமையல் எண்ணெயும் பேருந்தும் அடுத்த ஒப்பந்தம் வரை காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியை எங்கே நிரப்புகிறோம்? வட்டிக்கு வாங்கி நிரப்புகிறோம். கூலிக்கும் விலைக்கும் நடுவில் விழும் பள்ளத்தில்தான் கந்துவட்டி முளைக்கிறது. நூறாண்டுக்கு முன் அம்பேத்கர் எழுதியதை இப்படி நம் வீட்டுக் கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம்.

ஆட்சியின் விருப்பப்படி ரூபாயைப் பெருக்க வழிவிடும் முறையையும் அவர் எதிர்த்தார். அந்நாளில் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், தங்கத்தோடு மறைமுகமாக இணைந்த நாணய முறையை இந்தியாவுக்குப் பொருத்தமானது என்று ஆதரித்து 1913இல் நூல் எழுதியிருந்தார். அம்பேத்கர் அவரோடு நேருக்கு நேர் மாறுபட்டார். பணத்தை அச்சிடும் கைக்குக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் விலைவாசி ஏறும், அதன் அடி ஏழைகள்மீது விழும் என்பது அவர் கவலை.

1925 டிசம்பர் 15 அன்று, ஹில்டன் யங் தலைமையிலான இந்திய நாணயம், நிதி பற்றிய அரச ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். அந்த ஆணையம் 1926இல் தந்த அறிக்கை மத்திய வங்கி ஒன்று வேண்டும் என்றது. 1934இல் சட்டம் வந்தது. 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கியது. மேடைகளில் சிலர் ரிசர்வ் வங்கியை அம்பேத்கரே உருவாக்கினார் என்று பேசுகிறார்கள். அப்படி மிகைப்படுத்த வேண்டியதில்லை. பல கைகள் சேர்ந்து கட்டிய நிறுவனம் அது. அதற்கு முந்திய விவாதத்தில், ரூபாயின் மதிப்பை உழைப்பவரின் பக்கம் நின்று ஆராய்ந்த அறிஞராக அவர் இருந்தார் என்பது உண்மை. அந்த உண்மையே நமக்குப் போதுமான பெருமை.

முன்பணம் என்ற விலங்கு

பம்பாய் திரும்பி வழக்கறிஞரானார். 1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் எடுக்கும் போராட்டம் நடந்தது. அதே காலத்தில் பம்பாய் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர், 1928இல் மகர் வதன் பற்றிய மசோதாவைக் கொண்டுவந்தார். வதன் என்றால் என்ன? ஊர் வேலை எல்லாவற்றையும் மகர் சாதியார் செய்ய வேண்டும். இரவு பகல் எந்த நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் வீட்டில் இன்னொருவர் போக வேண்டும். அதற்கு ஈடாக ஒரு சிறு துண்டு நிலமும், அறுவடையில் ஊரார் தரும் தானியமும். தலைமுறை தலைமுறையாக முடியாத கடனைப் போன்றது அது. நிலத்துண்டைக் காட்டி ஒரு சமூகத்தின் உழைப்பையே கட்டிப்போடும் ஏற்பாடு என்று அவர் அதை எதிர்த்தார்.

நம் பகுதியில் இதற்குப் பெயர் வேறு. பண்ணையாள் என்றோம், படியாள் என்றோம். கல்யாணத்துக்கோ சாவுக்கோ பண்ணையக்காரரிடம் வாங்கிய பணம் அடுத்த தலைமுறைக்கும் வந்தது. பல்லடம், சோமனூர் விசைத்தறிப் பக்கம் அதையே அட்வான்ஸ் என்றோம், பாக்கி என்றோம். பாக்கி தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் வளரிளம் பெண்களை விடுதியில் வைத்து, மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாகத் திருமணப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அங்கே தொழிலாளியின் கூலியே முதலாளியிடம் வட்டியில்லாக் கடனாகத் தங்கியது. இடையில் உடம்பு முடியாமல் வெளியேறிய பெண்கள் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. அவர்களில் பெருந்தொகையினர் தலித் வீட்டுப் பெண்கள்.

1936இல் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். விவசாயிகளுக்கு நில அடமான வங்கிகள், உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள், விற்பனைச் சங்கங்கள் வேண்டும் என்று அதன் திட்டம் கேட்டது. வட்டிக்காரரைத் திட்டுவதோடு அவர் நிற்கவில்லை. அவர் இடத்தில் உட்கார வேறொரு கடன் அமைப்பு வேண்டும் என்று கண்டார். 1937இல் கொங்கண் பகுதியின் கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அரசுக்கும் உழவருக்கும் நடுவில் நின்று வரி வசூலித்த இடைத்தரகர்கள்தான் கோத்திகள். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் பம்பாய் சட்டமன்றத்தை நோக்கி நடந்தபோது அவர்களுக்கு முன்னால் அவர் இருந்தார்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணி நேரமாகக் குறைந்ததும், 1948இல் சட்டமான குறைந்தபட்சக் கூலி மசோதா 1946இல் முதலில் முன்வைக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். கூலி போதுமான அளவு இருந்தால் கடன் குறையும் என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கின் முதல் வரியை எழுதியவர் அவர்.

சட்டத்தில் எழுதிய கடன் விதிகள்

1947இல் அரசியல் நிர்ணய சபையின் பார்வைக்கு, பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் சார்பில் மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற அறிக்கையைத் தந்தார். முக்கியத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும். காப்பீடு முழுவதும் அரசுடையது ஆக வேண்டும். வயது வந்த ஒவ்வொருவரும் தம் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டும். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு சாதி மத வேறுபாடு இல்லாமல் கூட்டுப் பண்ணைகளாகக் கொடுக்க வேண்டும். உழவுக்கு வேண்டிய மூலதனத்தையும் அரசே தர வேண்டும் என்று அதில் கேட்டார். நிலத்தையும் ஆலையையும் இழப்பவர்களுக்குக் கடன் பத்திரமாக ஈடு கொடுத்து, அதற்குச் சட்டம் வகுக்கும் வீதத்தில் வட்டி தரலாம் என்றும் எழுதினார். குடும்பத் தலைவர் இறந்தால் வீடே வட்டிக்காரரிடம் போகும் நாட்டில், காப்பீட்டை அடிப்படை உரிமைகளோடு சேர்த்து எழுதியவர் அவர். அந்த அறிக்கையின் பெரும்பகுதி அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை.

இடம்பெற்றவையும் உண்டு. 23ஆம் பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 280ஆம் பிரிவு நிதி ஆணையத்தை ஏற்படுத்துகிறது. மாகாணங்களின் நிதியைப் பற்றி 1925இல் நூல் எழுதியவர் வரைவுக் குழுவின் தலைவராக இருந்தபோது வந்த பிரிவு அது. 292ஆம் பிரிவு, மத்திய அரசு வாங்கும் கடனுக்கு எல்லை விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. கம்பெனி வாங்கிய கடனை மக்கள் தலையில் கட்டிய வரலாற்றை 1915இல் எழுதியவருக்கு, அரசின் கடனுக்கு மக்கள் மன்றம் காவல் இருக்க வேண்டும் என்பது புதிய எண்ணமாக இருந்திருக்காது.

23ஆம் பிரிவின் வழியில்தான் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பது குற்றமானது. அந்தக் கடனும் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்ற அண்ணல், அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்தார். அவர் எழுதிய பிரிவுகள் அவர் மறைந்த பிறகும் வேலை செய்கின்றன.

நாம் போட வேண்டிய கணக்கு

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத் தண்டலில் 10,000 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும்போதே 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். கேட்டால் பதினைந்து விழுக்காடு என்பார்கள். உண்மை வேறு. நம் கையில் வந்தது 8,500. அதுவும் வாரா வாரம் குறைந்துகொண்டே போகிறது. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் வாரத்துக்கு 3 விழுக்காட்டுக்கு மேல். ஆண்டுக்கு 150 விழுக்காட்டையும் தாண்டும். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் என்ற பத்து வட்டியோ ஆண்டுக்கு 120 விழுக்காடு. அதே ஊரில் நிலமும் கட்டடமும் ஈடு காட்டும் நிறுவனத்துக்கு வங்கி ஏறத்தாழப் பத்து விழுக்காட்டில் கடன் தருகிறது. ஈடு காட்ட நிலம் இல்லாமல் போனது யாருக்கு, ஏன் என்று கேட்டால், 1892க்குப் பிறகு நம் முன்னோருக்குத் தரப்பட்டுக் கைமாறிப்போன பஞ்சமி நிலம் வரை அந்தக் கேள்வி போகும்.

கணக்குக்கு அடுத்தது சட்டம். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. மகளிருக்குத் தரும் நுண்கடன்களுக்கு 2022இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரும் கடன் அது. அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத் தாளைக் கடன் வாங்குபவரிடம் தர வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கேட்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. நம் தெருவில் நடக்கும் குழுக் கூட்டத்தில் அந்த விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டுவது பிள்ளைகளின் வேலை.

மூன்றாவது, நமக்குரிய கடன். 1974 முதல் இயங்கும் தாட்கோ இருக்கிறது. 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் பெண் ஒருவருக்குமாவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தொழில் கடன் தர வேண்டும் என்றது. 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். தையல் தெரிந்த நம் பெண்களும் இளைஞர்களும் இயந்திர விலைப்பட்டியலோடும் திட்ட அறிக்கையோடும் அங்கே போக வேண்டும். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழியில் சொன்ன மறுப்பை மேல்முறையீட்டில் காட்டுவது கடினம்.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வோம். நம் பிள்ளைகள் வணிகவியலும் பொருளாதாரமும் கணக்குத் தணிக்கையும் படிக்க வேண்டும். வங்கித் தேர்வு எழுத வேண்டும். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மேசைக்கு அந்தப் பக்கமும் நம் ஆள்கள் உட்கார வேண்டும். அக்காவின் நகையை அடகு வைத்து வாங்கிய புத்தகத்தில் தொடங்கிய ஒருவர், ரூபாயின் மதிப்பைப் பற்றி அரச ஆணையத்தின் முன் உட்கார்ந்து பேசினார். இந்த வாரம் வீட்டில் உள்ள கடன்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, கைக்கு வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, ஆண்டு வட்டி எவ்வளவு என்று நான்கு பத்திகள் போதும்.